நாலு வித்தைக்காரர், மூன்று சுற்று: இளையோருக்கான மந்திரப் போட்டி நாவலைக் கொழும்பில் கட்டும் முறை

முதல் அத்தியாயத்தைத் தொடுமுன் ஒரே ஒரு தாளில் விதிகளை எழுதி முடியுங்கள். எந்த வித்தையால் என்ன செய்யலாம், எதைச் செய்ய முடியாது, செய்தால் என்ன விலை, ஒரு சுற்றை வெல்வது எப்படி, சமநிலை வந்தால் என்ன, தோற்றவர் எதை இழப்பார். இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வாசிக்கும் பிள்ளையின் தலைக்குள்ளும் அடங்காது. போட்டிக் கதையின் சுவை கிரிக்கெட்டின் சுவைதான். கடைசி ஓவரில் 11 ஓட்டம் வேண்டும் என்று தெரிந்தவருக்கு ஒவ்வொரு பந்தும் நெஞ்சை அடைக்கும். விதி தெரியாதவருக்கு அது வெயிலில் சிலர் ஓடுவது, அவ்வளவுதான்.

வித்தைகளைத் தேடி வெளியே அலைய வேண்டாம். அட்டமா சித்திகள் எட்டும் நம் கையிலேயே இருக்கின்றன. அவற்றில் முதல் நாலும் போட்டிக்கென்றே செய்து வைத்ததுபோல் எதிரெதிர்ச் சோடிகள்: அணிமா சிறுத்தல், மகிமா பெருத்தல், இலகிமா இலேசாதல், கரிமா கனத்தல். இந்த நாலோடு நில்லுங்கள். எல்லாவற்றையும் ஆளும் ஈசத்துவத்தையும் பிறரை வசப்படுத்தும் வசித்துவத்தையும் முதல் நாவலுக்குள் விடாதீர்கள். அடுத்தவர் மனதை வசப்படுத்தக்கூடிய ஒருவர் களத்தில் நின்றால் மற்ற மூவரின் திறமைக்கும் வேலையில்லாமல் போகும். செய்வினை, சூனியம் பக்கமும் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எத்தனையோ வீடுகளில் அது உண்மையான பயம். கதைக்கு அழகு கூட்ட எடுக்கிற பொருள் அல்ல.

பலரும் சறுக்குவது விலையில். ‘வித்தை செய்ததும் களைத்து விழுந்தாள், தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது’ என்றால் அது விலையே இல்லை. விலைக்கு மூன்று குணம் வேண்டும்: அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அடுத்த காட்சியைக் கெடுக்க வேண்டும், ஒளிக்கக் கடினமாக இருக்க வேண்டும். இலகிமாவுக்கு இப்படி வையுங்கள்: ஒரு நிமிடம் மிதந்தால் ஒரு மணி நேரம் குரல் இல்லை. மாலை 6 மணிக்கு 10 நிமிடம் மிதந்தவள் மறுநாள் விடிகாலை 4 மணிவரை ஊமை. வீட்டுக்கு வந்ததும் ‘இவ்வளவு நேரமும் எங்க நிண்டனீ?’ என்று அம்மா கேட்பா. பிள்ளை வாயைத் திறக்க முடியாமல் நிற்கும். அந்த அரைப் பக்கம் மிதந்த காட்சியைவிடக் கனமாக விழும். கரிமாவுக்கு வேறு வகை: கனத்தவன் பழைய நிறைக்குத் திரும்ப அரை நிமிடம் எடுக்கும், அதுவரை கையைக்கூட விரைவாக அசைக்க முடியாது. இந்த அரை நிமிடத்தை நினைவில் வைத்திருங்கள், கீழே வேண்டும்.

அடுத்தது போட்டியின் வடிவம். தோற்றவர் உடனே வெளியேறும் நொக்அவுட் முறைதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதுதான் கதையைக் கொல்லும். 8 பேரை வைத்தால் 7 ஆட்டம். நாயகியும் எதிராளியும் இறுதியில்தான் சந்திப்பார்கள் என்றால் அவர்கள் தொடும் ஆட்டங்கள் 5, மிச்ச 2 யாருக்கும் வேண்டாதவை. அதைவிடக் கேடு, எதிராளிகள் இருவரும் கடைசி வரை ஒருவரையொருவர் தொடவே மாட்டார்கள். பெரியபுராணத்தில் சம்பந்தர் மதுரைக்கு வரும் பகுதியைக் கட்டுமானத்துக்காக மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதே இரு தரப்பு, மூன்று சுற்று: பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்ப்பதில் இடப்பக்கம் சமணருக்கு, வலப்பக்கம் பிள்ளையாகிய சம்பந்தருக்கு; பிறகு நெருப்பில் ஏடு, எரியாதது வெல்லும்; பிறகு வைகையில் ஏடு, நீரை எதிர்த்துப் போவது வெல்லும். முதல் சுற்றில் நடுவரின் உடம்பே களம். தோற்றவருக்கு என்ன தண்டனை என்ற பேச்சு மூன்றாம் சுற்றுக்கு முன்தான் வருகிறது, அதனால் ஏற்றம் குறைவதில்லை. இவ்வளவு சின்னப் பிள்ளை என்று அரசி கலங்குவதும் அங்கே உண்டு. இளையோர் நாவலுக்கு வேண்டிய எலும்புக்கூடு முழுவதும் அதில் இருக்கிறது.

எனவே 4 பேர், 3 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் நால்வரும். புள்ளிகள் 5, 3, 1, 0. இனி நாவலை எழுதுமுன் கணக்கை எழுதுங்கள். முதல் சுற்றில் கரிமாக்காரன் 5, அணிமாக்காரன் 3, நம் இலகிமாக்காரி 1, மகிமாக்காரி 0. இரண்டாம் சுற்றில் இலகிமா 5, கரிமா 3, மகிமா 1, அணிமா 0. இப்போது எதிராளியிடம் 8, நாயகியிடம் 6. கடைசிச் சுற்றில் அவள் முதலாவதாக வந்து அவன் இரண்டாவதாக வந்தால் 11க்கு 11. அவள் வென்றால் மட்டும் போதாது, அவன் மூன்றாவதுக்கு இறங்கவும் வேண்டும். அணிமாக்காரனிடம் 3தான், அவன் முதலாவதாக வந்தாலும் 8ஐத் தாண்ட முடியாது. தனக்கு வெற்றி இல்லை என்று தெரிந்த அவனிடம்தான் இருவரும் இரகசியமாகப் போவார்கள். அவன் என்ன கேட்பான், யாருக்குக் கொடுப்பான் என்பதே உங்கள் கடைசி 8 அத்தியாயம். கூட்டல் கழித்தலே கதையைத் தள்ளிக்கொண்டு போகும்.

இடத்தைப் படமாக வைக்காமல் விதியாக வையுங்கள். இரண்டாம் சுற்றைக் காலிமுகத்திடலில், யூலை மாதத்தில் நடத்திப் பார்க்கலாம். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து தரைப்பக்கம் அடிக்கும், பட்டங்கள் எல்லாம் வீதிப் பக்கம் சாய்ந்து நிற்கும். ஒரு பட்டத்தின் வாலில் மோதிரம் கட்டி உயர விட்டிருக்கிறார்கள். மாலையில் தேசியக் கொடி இறக்குமுன் எடுக்க வேண்டும். வீதியைத் தொட்டவர் வெளியே. இலகிமாக்காரிக்கு இது வாய்த்த களம் என்று வாசகர் நினைப்பார். ஆனால் இலேசானவளைக் காற்று அள்ளிக்கொண்டுபோய் வீதியில் போட்டுவிடும். அவளுக்கு ஒரு நங்கூரம் வேண்டும். கரிமாக்காரனோ தன்னை ஒருவரும் நகர்த்தாதபடி கனத்து, பட்டத்தின் நூற்கட்டையைக் காலடியில் மிதித்துக்கொண்டு நிற்கிறான். அவள் கச்சான் விற்கிறவரிடம் நைலோன் நூல் வாங்குகிறாள், ஒரு முனையை இடுப்பில் கட்டுகிறாள், மறுமுனையை அவன் மணிக்கட்டில் சுற்றி முடிகிறாள், நிலத்தை உதைக்கிறாள். அவளே பட்டம் ஆகிறாள். அவன் நூலைப் பிடித்து இழுக்கலாம், ஆனால் பழைய நிறைக்குத் திரும்ப அரை நிமிடம் வேண்டும். அந்த 30 விநாடிதான் அவளிடம் உள்ள நேரம். வாசகர் அந்த விதியை 3ஆம் அத்தியாயத்தில் படித்திருந்தால் கைதட்டுவார். இதே பக்கத்தில் முதல்தரம் படித்தால் ஏமாந்ததாக உணர்வார். இரண்டு வாசிப்புக்கும் எழுத்தில் ஒரு சொல் வித்தியாசம் இருக்காது.

மற்றச் சுற்றுகளுக்கும் அப்படியே தேடுங்கள். செட்டியார் தெருவில் ஆள் நெருக்கமும் நகைக்கடைத் தராசும் இருக்கின்றன. நிறையோடு விளையாடுகிற இருவருக்கு அதைவிட என்ன வேண்டும்? வெள்ளவத்தையில் கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே ரயில் ஓடுகிறது, அதனால் நேரம் தானாகவே களத்துக்குள் வந்துவிடும்.

எதிராளியைக் கெட்டவன் ஆக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றையும் அவன் வாயால் இரண்டு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நூலில் சேர்க்க வேண்டாம். அந்த இரண்டு பக்கத்தில் அவன் பக்கம் நியாயம் தெரியாவிட்டால் அவனுக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். நாயகி வெல்ல நினைப்பதும் அவன் வெல்ல நினைப்பதும் ஒரே காரணமாக இருக்கவும் கூடாது.

பேச்சு மொழியில் கவனம் வேண்டும். கொழும்புப் பிள்ளைகள் நால்வர் ஒரே தமிழ் கதைக்க மாட்டார்கள். ‘நான் வரவில்லை’ என்பது யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை வாயில் ‘நான் வரேல்லை’. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த மலையகப் பிள்ளை ‘நான் வரல’ என்னும். வாப்பா, உம்மா என்று அழைக்கும் வீட்டில் ‘நான் வரல்ல’. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் ‘என்றான்’, ‘என்றாள்’ பாதி தேவையில்லை. கதை சொல்லும் பகுதியை எழுத்துத் தமிழிலேயே வைத்திருங்கள். நால்வரும் ‘மச்சான்’ போடலாம். ஒவ்வொரு வரியிலும் போட்டால் சலிக்கும்.

காலத்துக்கு, சாதாரண தரப் பரீட்சை முடிந்து முடிவு வரும்வரையான இடைவெளி பொருந்தும். அதற்குள் யூலை வராவிட்டால் பட்டக் காட்சியின் காற்றைத் திருத்துங்கள், பரீட்சைக் காலத்தை மாற்ற வேண்டாம். நீளம் 45,000 சொல் போதும். 1,500 சொல் வீதம் 30 அத்தியாயம். பக்கத்துக்கு 230 சொல் என்று வைத்தால் 200 பக்கத்தை ஒட்டி வரும். சுற்று ஒவ்வொன்றுக்கும் 3 அத்தியாயத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

முதல் வரைவு முடிந்ததும் அந்த வயதுப் பிள்ளைகள் மூவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தின அத்தியாயத்தில் நிறுத்தச் சொல்லி, ‘யார் வெல்லுவினம், ஏன்?’ என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மூவரும் ஒரே பதிலை எழுதினால் சுற்றை மாற்றுங்கள். ‘ஏன்’ என்பதற்கு ஒருவராலும் எழுத முடியாவிட்டால் சுற்றைத் தொடாதீர்கள், விதிப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் எந்த விதி கதைக்குள் வராமல் தாளிலேயே நின்றுவிட்டது என்று பாருங்கள்.