நடிகை இயக்குநரானால் எங்கே தெரியும்? பாங் உன்-ஜின் படங்களைப் பார்க்க ஒரு வழி

நடிப்பிலிருந்து இயக்கத்துக்குப் போன ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எல்லோரும் நேரே அவர் இயக்கிய படத்தில்தான் கை வைப்பார்கள். என் நடிப்புப் பட்டறைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் தடுப்பது இதைத்தான். அவர் நடித்ததை முதலில் பாருங்கள், அதுவும் ஒன்றோ இரண்டோ போதாது. கேமராவுக்கு முன்னால் ஒருவர் எதற்காகக் காத்திருந்தார் என்று தெரிந்தால்தான், கேமராவுக்குப் பின்னால் போனதும் அதை யாருக்குக் கொடுத்தார் என்பது புரியும்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஆள் பாங் உன்-ஜின். கொரிய சினிமா என்றதும் நம் பிள்ளைகள் அடுக்கும் நாலைந்து ஆண் இயக்குநர்களின் பட்டியலில் இவர் பெயர் வராது. 1965இல் பிறந்தவர். எண்பதுகளின் கடைசியில் நாடக மேடை, 1994இல் முதல் சினிமா, 2005இல் முதல் முழுநீளப் படத்தின் இயக்குநர். அப்போது வயது நாற்பது. நடிகைகளுக்குக் கதாபாத்திரங்கள் வறண்டுபோகும் வயது என்று எல்லா ஊர் சினிமாவும் சொல்லும் வயது.

தேடும்போது ஒரு சிக்கல் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரியப் பெயர்களை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுவார்கள். அதனால் பெயரை மட்டும் நம்பித் தேடாமல், படப்பெயரோடு வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள். இவருடைய 2013ஆம் வருடப் படமான ‘வே பேக் ஹோம்’ என்று நினைத்துக்கொண்டு, பாட்டியும் பேரனும் வரும் 2002ஆம் வருடப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசியவர்கள் உண்டு. அது வேறொருவர் எடுத்தது. நல்ல படம்தான், ஆனால் நம் கணக்கில் வராது. தொண்ணூறுகளின் படங்களுக்கு, கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் யூடியூபில் நடத்தும் பழைய படங்களுக்கான சேனலை ஒரு முறை துழாவிப் பாருங்கள். ஆங்கில சப்டைட்டிலோடு, காசில்லாமல் நிறையப் படங்கள் இருக்கின்றன.

இனி வரிசை. இம் குவோன்-டேக் இயக்கிய ‘தி டேபெக் மவுண்டன்ஸ்’தான் இவருடைய முதல் படம். ஜோ ஜுங்-ரேயின் பெருநாவலிலிருந்து எடுத்தது. கொரியப் போருக்கு முந்தைய இடதுசாரி வலதுசாரி மோதல், ஏகப்பட்ட பாத்திரங்கள், நீளமான படம். நேரமிருந்தால் பாருங்கள், இல்லையென்றால் தாண்டிப் போங்கள். இவரைப் புரிந்துகொள்ள அடுத்த வருடம் வந்த படத்தில் தொடங்கினாலும் குறையில்லை.

அந்தப் படம் பார்க் சல்-சூ இயக்கிய ‘301, 302’. எதிரெதிர் அடுக்ககக் கதவுகள். 301இல் இருப்பவள் ஓயாமல் சமைக்கிறவள், அதுதான் பாங் உன்-ஜின். 302இல் இருப்பவள் எதைத் தின்றாலும் வாந்தியெடுக்கும் எழுத்தாளர், ஹ்வாங் ஷின்-ஹே. 302 காணாமல் போகிறாள், விசாரிக்கத் துப்பறிகிறவர் வருகிறார், கதை பின்னோக்கி ஓடுகிறது. சிறுவயதுப் பாலியல் கொடுமை, வளர்ப்பு நாய்க்கு நேரும் கதி எல்லாம் உள்ளே இருக்கின்றன. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள், இளகிய மனசுக்காரர்களைப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள்.

இந்தப் படத்தை இரண்டு முறை பார்க்கச் சொல்வேன். முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை ஒரு பத்து நிமிடமாவது சத்தத்தை நிறுத்திவிட்டு, 301காரியின் கைகளை மட்டும். மேடையில் வளர்ந்த நடிகருக்கு வசனம் இல்லாத நேரத்தில் உடம்பை என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் தெரியாது, தோள்தான் தெரியும். அதனால் நாங்களெல்லாம் தோளில் நடிக்கப் பழகியவர்கள். சினிமாவுக்கு வந்ததும் அந்தப் பழக்கம் பலருக்குச் சுமையாகிவிடும், மிகையாகத் தெரியும். இவர் அந்தப் பெரிய உடல்மொழியை விடவில்லை. விடாமலே அதை ஒரு குணமாக்கிவிட்டார். 301காரி சமையலறையையே மேடையாக நினைத்து வாழ்கிறவள், அவளுக்கு வேண்டியதெல்லாம் சாப்பிட ஒரு ஆள், அதாவது பார்க்க ஒரு ஆள். அன்பும் பிடிவாதமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத பெண். இவளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருடம் கழித்துத் தேவைப்படுவாள்.

பார்க் சல்-சூவோடு அடுத்தடுத்து இன்னும் இரண்டு படங்கள். 1996இல் ‘ஃபேர்வெல் மை டார்லிங்’, ஒரு கிராமத்துச் சாவு வீட்டுக் கதை, அதில் இயக்குநரே நடிக்கவும் செய்தார். 1997இல் ‘புஷ்! புஷ்!’, மகப்பேறு மருத்துவமனை. கையில் கிடைத்தால் சாவு வீட்டுப் படத்தைப் பாருங்கள். கேமராவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆள் மாறி மாறி நிற்பதை இவர் அருகிலிருந்து பார்த்த இடம் அது.

அடுத்து 2001, கிம் கி-டுக்கின் ‘அட்ரஸ் அன்நோன்’. இந்த இயக்குநர் மீது 2018இல் நடிகைகள் பாலியல் குற்றச்சாட்டுகள் வைத்தார்கள், 2020இல் இறந்தும் போனார். அவர் படத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. பட்டறையில் நான் இதை யார் மீதும் திணிப்பதில்லை. நாய்கள் படும் பாடு வேறு தாங்காது. பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அதில் வரும் தாயைக் கவனியுங்கள். எழுபதுகளில் அமெரிக்க ராணுவ முகாமை ஒட்டிய ஊர். கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிறந்த மகனோடு ஒரு பழைய பேருந்துக்குள் குடியிருக்கிறாள். அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறாள், முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. ஊர்க்காரர்களிடம் ஆங்கிலத்தில் சண்டை போடுவாள். கிறுக்கி என்று ஒதுக்கிவிடலாம் என்று நாம் நினைக்கிற நேரத்தில், இல்லை, இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று முகத்தில் ஒரு நொடி வந்து போகும்.

இப்போது நோட்டை எடுத்து, இவர் நடித்த பெண்களைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தையில் ஆளுக்கு மூன்று வரி எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். அவளுக்கு என்ன வேண்டும், அது கிடைக்காதபோது உடம்பில் எங்கே தெரிகிறது, யார் அவளைப் பார்க்கவில்லை. இதை எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். எழுதாதவர்கள் அடுத்து வருவதை வெறும் கொலைப் படமாகப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

‘பிரின்சஸ் அரோரா’, 2005. அடுத்தடுத்துக் கொலைகள், செத்தவர்களுக்குள் எந்தத் தொடர்பும் தெரியவில்லை, ஒவ்வொரு இடத்திலும் கார்ட்டூன் இளவரசியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கொலை செய்பவள் வெளிநாட்டுக் கார் விற்கும் ஒரு பெண், மகளைப் பறிகொடுத்த தாய். இதை நான் மறைக்கவில்லை, படமும் மறைக்கவில்லை. யார் செய்தது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும், ஏன் இவர்களை என்பதுதான் மெல்ல அவிழும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்தத் தாயாக நடித்தவர் உம் ஜங்-ஹ்வா. தொண்ணூறுகளில் கொரிய மேடைகளைக் கலக்கிய பாடகி, ஆட்டத்துக்கும் அலங்காரத்துக்கும் பெயர் போனவர். அவரைக் கூப்பிட்டு இந்தப் பாத்திரத்தைக் கொடுத்தார் பாங் உன்-ஜின். நீங்கள் எழுதி வைத்த 301காரியையும் பேருந்துத் தாயையும் இப்போது எடுத்துப் பாருங்கள். அன்பு முற்றிப்போய் ஆபத்தான பெண், ஊர் கிறுக்கி என்று சொன்னாலும் எல்லாம் தெரிந்த பெண். தான் நடித்துப் பார்த்த குணத்தை இன்னொருத்தியிடம் ஒப்படைக்கிறார், அதுவும் அப்படியொரு வேடத்தில் யாரும் கற்பனை செய்யாத ஒருத்தியிடம். நடிகை இயக்குநரானது எனக்குத் தெரிவது இந்த நடிகர் தேர்வில்தான். ஷாட் அழகு, வண்ணம் என்று தேடினால் இவரிடம் பெரிதாகக் கிடைக்காது, அந்த வகையில் இவர் சாதாரணமானவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

துப்பறியும் அதிகாரியாக வருபவர் மூன் சுங்-குன். இவரும் மேடையிலிருந்து வந்தவர். பாத்திரப்படி அந்த அதிகாரி பாதிரியாராகப் படித்துக்கொண்டிருக்கிறான், கொலைகாரியின் முன்னாள் கணவனும் அவனே. நடிகரின் தந்தை மூன் இக்-ஹ்வான், ஜனநாயகப் போராட்டத்துக்காகச் சிறை சென்ற நிஜமான பாதிரியார், 1989இல் வட கொரியாவுக்குப் போய் வந்ததற்காகவும் உள்ளே போனவர். கொரியப் பார்வையாளர்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே தெரியும். நாம் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் பாத்திரத்தின் தயக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் கனம் கூடுகிறது.

இந்த ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சப் படங்களைத் திறங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால், அந்த நடிகர் அதுவரை செய்த வேறொரு படத்தில் அரைமணி நேரம் பாருங்கள். வேலை கொஞ்சம் கூடும், ஆனால் பலன் இதில்தான்.

‘பெர்ஃபெக்ட் நம்பர்’, 2012. ஹிகாஷினோ கெய்கோவின் 2005ஆம் வருட ஜப்பானிய நாவல். 2008இல் ஜப்பானில் படமானது, 2017இல் சீனாவில். நம் ஊரில் விஜய் ஆண்டனியும் அர்ஜுனும் நடித்து 2019இல் வந்த ‘கொலைகாரன்’ இதே கருவை வைத்து எடுத்ததுதான். அதைப் பார்த்தவர்களுக்கு முடிச்சு ஓரளவு தெரிந்திருக்கும், பரவாயில்லை, முடிச்சுக்காகப் பார்க்க வேண்டிய படமில்லை இது. நாவலில், பக்கத்து வீட்டுப் பெண் செய்த கொலையை மறைக்க உதவும் கணித ஆசிரியரை மடக்குவது ஓர் இயற்பியலாளர். கொரியப் படத்தில் அந்த ஆளே கிடையாது. விசாரிக்க வரும் போலீஸ்காரன் ஆசிரியரின் பள்ளித் தோழன் ஆகிவிடுகிறான். இரண்டு அறிவாளிகளின் சதுரங்கம் போய், பக்கத்து வீட்டுப் பெண்ணை ஏறிட்டுப் பார்க்கவே கூசும் ஒரு ஆணின் கதை மட்டும் நிற்கிறது. துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு இது ஏமாற்றம்தான். நடிப்பு படிக்கிறவர்களுக்கு விருந்து. ஆசிரியராக வருபவர் ரியூ சுங்-பம், தெருச் சண்டை, துடுக்குப் பேச்சு என்று பாதரசம் போலத் துள்ளிக்கொண்டிருந்த நடிகர். அவரைக் கூனவைத்து, குரலை விழுங்கவைத்து, படம் முழுக்க அடக்கி வைத்திருக்கிறார் இயக்குநர். அடக்கப்பட்ட துள்ளல் எங்கெல்லாம் கசிகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

‘வே பேக் ஹோம்’, 2013, உண்மைச் சம்பவம். 2004இல் ஒரு கொரியக் குடும்பத்தலைவி, நவரத்தினக் கல் என்று நம்பி எடுத்துப்போன பெட்டியில் போதைப்பொருள் இருந்ததால் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் பிடிபட்டார். கரீபியனில் பிரான்ஸின் கையிலிருக்கும் மார்த்தினிக் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டு, வீடு திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. தூதரகத்தின் மெத்தனத்தைப் படம் நேராகவே அடிக்கிறது. நாயகி ஜியோன் டோ-யோன், 2007இல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியவர். அவரிடமிருந்து புதிதாக என்ன எடுக்க முடியும்? என் கணிப்பில் இயக்குநர் அதற்கு மெனக்கெடவில்லை, ஒதுங்கி நின்றுவிட்டார். ஒதுங்கத் தெரிவதும் இயக்கம்தான் என்று வாதாடலாம். எனக்கு நடுப்பகுதி இழுவையாகத்தான் பட்டது. மொழி தெரியாத இடத்தில் ஒருத்தி கைகளால், கண்களால் என்னென்ன செய்து தன்னைப் புரியவைக்கப் பார்க்கிறாள் என்பதற்காகச் சிறைக் காட்சிகளை மட்டும் திரும்பப் பாருங்கள். சத்தத்தை நிறுத்திப் பார்க்கும் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி இல்லை.

2017இல் வந்த ‘மெத்தட்’டைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத சின்னப் படம், ஆனால் இவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் படம். பழுத்த மேடை நடிகன் ஒருவன். கூட நடிக்க வந்து சேர்ந்தவன் இளம் பாப் நட்சத்திரம், ஒத்திகையை மதிக்காதவன். நாடகத்தில் இருவருக்கும் நடுவே இருக்கும் ஈர்ப்பு மேடையை விட்டு வெளியே வழிகிறது. மூத்தவனோடு வாழும் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூத்த நடிகனாக வருபவர் பார்க் சுங்-உங், தாதா வேடங்களால் பெயர் வாங்கிய முரட்டு முகம். அந்த முகத்துக்குக் காதலையும் குழப்பத்தையும் கொடுத்திருக்கிறார்.

இதை மேடை அனுபவம் உள்ள ஒருவரோடு சேர்ந்து பாருங்கள், கிடைத்தால். ஒத்திகைக் காட்சிகளில் அவர் எங்கே நெளிகிறார் என்பதையும் ஓரக்கண்ணால் கவனியுங்கள். பாத்திரமாகவே ஆகிவிடுவது பெரிய கலை என்று மேடைக்காரர்கள் மார்தட்டிக்கொள்வோம். அதற்கான விலையை வீட்டில் இருப்பவர்தான் கட்டுகிறார் என்று இந்தப் படம் சொல்லும்போது எனக்கு நெளிந்தது. காதல் கதையாக மட்டும் பார்க்கிறவர்கள் அந்தப் பெண் வரும் காட்சிகளை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். ஓட்டாதீர்கள், ‘அவளை யார் பார்க்கவில்லை’ என்ற உங்கள் பழைய கேள்விக்கு இங்கே ஒரு பதில் எழுத இடம் இருக்கிறது.

படங்களோடு நின்றுவிடாமல், இவர் பிறகு என்ன செய்தார் என்பதையும் கணக்கில் சேருங்கள். 2019இல் பியோங்சாங்கில் அமைதிக்கான திரைப்பட விழா ஒன்று தொடங்கியது, குளிர்கால ஒலிம்பிக் நடந்த அதே ஊர். அதன் தலைவர் மூன் சுங்-குன், நடத்தும் பொறுப்பில் பாங் உன்-ஜின். அரோராவின் துப்பறியும் அதிகாரியும் இயக்குநரும் மறுபடி சேர்ந்த இடம். 2022இல் கங்வோன் மாகாணம் பண உதவியை நிறுத்தியதும் விழா நின்றுபோனது.

இதே முறையை வேறு யாருக்கும் பொருத்திப் பார்க்கலாம். மேடையிலிருந்து வந்த கிம் யூன்-சோக் 2019இல் ‘அனதர் சைல்ட்’ எடுத்தார். கொலைகாரனைத் துரத்தும் வேடங்களில் பார்த்துப் பழகிய அவர், தன் படத்தில் இரண்டு பள்ளிச் சிறுமிகளை முன்னால் நிறுத்திவிட்டு, தனக்கு ஒரு கையாலாகாத அப்பா வேடத்தை எடுத்துக்கொண்டார். மூன் சோ-ரி 2017இல் எடுத்த படத்தில் தன்னையே ஒரு நடிகையாக நடிக்க வைத்துக் கிண்டலடித்துக்கொள்கிறார். இதில் முதலில் கிம்மை எடுங்கள், அவர் நடித்த ‘தி சேசர்’ சுலபமாகக் கிடைக்கும். நோட்டில் மூன்று வரி எழுதிய பிறகு அந்த அப்பாவைப் பாருங்கள்.