ஐந்நூறு ரூபாய்ப் பொருளைத் திருப்பி அனுப்பும்போது கோட்டை விடும் இடங்கள்

கொசப்பேட்டையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மிக்சி, ஃபேன், அயன்பாக்ஸ் எல்லாம் பார்ப்பேன். வேலூர் வெயில் ஏறத் தொடங்கும் பங்குனியிலேயே ஆன்லைனில் வாங்கிய சார்ஜர் ஃபேன்கள் கடைக்கு வர ஆரம்பித்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் மேஜை கொள்ளாது. பாதிக்கு மேல் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத சரக்கு. திருப்பி அனுப்ப வேண்டியதை ஏன் இங்கே தூக்கி வருகிறீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாக் கதையும் ஒரு சில தவறுகளுக்குள் அடங்கிவிடும். நானே சால்டரிங் அயன், அடாப்டர், மோட்டார் என்று உதிரிகளை ஆன்லைனில் வாங்கி, சரியில்லாததைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பவன்தான். பில்லைப் பத்திரமாக வை, பெட்டியைத் தூக்கிப் போடாதே என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

ரிட்டர்னை நீங்களே கேன்சல் செய்வது

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சென்ற கோடையில் தொரப்பாடியிலிருந்து ஒரு பையன் சார்ஜர் ஃபேனோடு வந்தான். விலை எழுநூற்றுச் சொச்சம். பிளக்கில் இருக்கும்வரை சுற்றும், பிடுங்கினால் நின்றுவிடும். அந்தப் பையன் விவரம் இல்லாதவன் இல்லை. பார்சல் வந்த மூன்றாம் நாளே ஆப்பில் ரிட்டர்ன் போட்டிருக்கிறான். பிக்கப் தேதியும் வந்திருக்கிறது. அதற்குள் விற்றவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கால்.

"அவங்களே தான்ணா பண்ணாங்க. பொருள நீயே வெச்சிக்கோ, அறநூறு ரூபா ஜிபே பண்றோம், ரிட்டர்ன மட்டும் கேன்சல் பண்ணுன்னாங்க."

"பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். அப்பறம் அக்கவுன்ட்ஸ்ல சொல்லிக்கீறோம், நாளிக்கி வரும்னாங்க. இப்போ நம்பரே போவல. இன்னாண்ணா பண்றது?"

அவன் வந்த நாளில் ரிட்டர்ன் தேதி முடிந்திருந்தது. ஆப்பில் அந்த பட்டனே இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், "நீங்களே ரத்து செய்திருக்கிறீர்கள்" என்கிறார்கள். அவர்கள் திரையில் தெரிவதும் அவ்வளவுதான். வாடிக்கையாளர் புகார் கொடுத்தார், பிறகு அவரே வாபஸ் வாங்கினார், விஷயம் முடிந்தது.

விற்பவன் ஏன் இவ்வளவு மெனக்கெட்டுக் கூப்பிடுகிறான்? பல தளங்களில் பழுதென்று திரும்பும் பொருளுக்கான கூரியர் செலவு விற்றவன் தலையில்தான் விழும். ரிட்டர்ன் எண்ணிக்கை கூடினால் அவன் சரக்கு தேடலில் பின்னால் தள்ளப்படும். நீங்கள் கேன்சலை அமுக்கினால் அவனுக்கு இரண்டுமே மிச்சம். ஃபேன் ஓடவில்லை என்று அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

இதே வித்தை வேறு வேஷங்களிலும் வரும். "டெக்னீஷியன் வீடியோ காலில் வருவார், அதுவரை பொறுங்க." "அடாப்டர்தான் கம்ப்ளைன்ட், புதுசு கூரியரில் போட்டாச்சு." "நாலு மணி நேரம் சார்ஜ் போட்டு ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க." குரலில் மரியாதை சொட்டும், வார்த்தைக்கு வார்த்தை சார். எல்லாமே அந்த ஏழு நாளோ பத்து நாளோ கழிவதற்காகச் சொல்வது. உண்மையிலேயே அடாப்டர் அனுப்புகிறவன் என்றால் உங்கள் ரிட்டர்ன் திறந்திருப்பது அவனுக்கு எந்த விதத்திலும் தடை இல்லை. பணம் தருகிறேன் என்பவனிடம், "முதலில் அனுப்புங்க, அக்கவுன்ட்டில் விழுந்ததும் கேன்சல் பண்றேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். பேச வேண்டும் என்றால் ஆப்புக்குள் இருக்கும் சாட்டில் பேசட்டும். அங்கே எழுதினால் பதிவாகிவிடும் என்பதால்தான் வாட்ஸ்அப்புக்கு ஓடி வருகிறான்.

ஏற்கெனவே கேன்சல் செய்தாயிற்று, தேதி இன்னும் மிச்சம் இருக்கிறதா? அந்த நிமிடமே மறுபடி ரிட்டர்ன் போடுங்கள். விற்றவர் கேட்டதால்தான் ரத்து செய்தேன் என்று சாட்டில் எழுதி, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். தேதி போய்விட்டது என்றால் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டிப் பலனில்லை. அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தொரப்பாடிப் பையனை உட்கார வைத்து அப்படித்தான் எழுத வைத்தேன். அந்த வாட்ஸ்அப் பேச்சை அவன் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. பணம் வந்தது, ஆனால் அதற்குள் கோடை முடிந்து மழையே வந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த வியாபாரி மேல்கூட இல்லை. படித்த பிள்ளைகள், பிக்கப் தேதி வரை வாங்கி வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருவன் ஃபோனில் 'சார்' போட்டான் என்பதற்காகக் கையிலிருந்த ஒரே பிடியை விட்டுவிடுகிறார்களே, அதுதான். போன வாரம்கூட இதே கதையோடு ஒருவர் வந்தார். இந்த முறை கொசு பேட்.

காரணத்தை மாற்றிப் போடுவது

ஆப்பில் காரணம் கேட்கும்போது சண்டை வேண்டாம் என்று நினைத்தோ, முதலில் கண்ணில் பட்டதாலோ "இனி தேவையில்லை" என்பதை அமுக்கிவிடுகிறார்கள். மனம் மாறித் திருப்புவது வேறு, பழுதென்று திருப்புவது வேறு. மனம் மாறியவர் என்றால் பொருள் புத்தம் புதிதாக, சீல் கலையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் பிரித்து ஓட்டிப் பார்த்த ஃபேன் அதில் தேறாது. சட்டமும் பழுதுக்குத்தான் துணை நிற்கும். கூடவே ஒரு வீடியோ வேண்டும். பொருள், பெட்டி மேல் ஒட்டிய லேபிள், கோளாறு மூன்றும் ஒரே ஓட்டத்தில் தெரியட்டும். என் மேஜையில் எடுப்பதென்றால் முதலில் அதே பிளக்கில் என் டெஸ்ட் லைட்டை எரியவிட்டுக் காட்டுவேன். கரன்ட் இருந்ததா என்று பிறகு எவனும் கேட்க முடியாது.

ஸ்க்ரூவைக் கழற்றுவது

கழற்றாதீர்கள். நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சரி, ஏன் என்று ஒரு வரி. ஒருமுறை தேதி முடிந்த ஃபேன் ஒன்றைத் திறந்தேன். பேட்டரியின் சிவப்பு வயர் போர்டில் பற்றவைக்கப்படவே இல்லை, துளையில் செருகி மேலே பசை தடவியிருந்தார்கள். பச்சையான தயாரிப்புக் கோளாறு. ஆனால் தலை நசுங்கிய ஸ்க்ரூவோடு அதைப் பார்க்கும் பிக்கப் ஆள், உடைத்தது நீங்கள்தான் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

பொருள் கை மாறுமுன் ஓடிபி சொல்வது

"வண்டியில இடமில்ல, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன், நம்பர மட்டும் சொல்லுங்க" என்றால் சொல்லாதீர்கள்.

யாரும் இல்லாத வீட்டுக்குப் பிக்கப் போடுவது

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனிக்கு ஷிஃப்ட் போகிற ஒரு அக்கா. பிக்கப் ஆள் மத்தியானம் வருவார், அக்காவால் அப்போது ஃபோன் எடுக்க முடியாது. "வாடிக்கையாளர் இல்லை" என்று சில தடவை விழுந்ததும் ரிட்டர்ன் தானாகவே ரத்தாகிவிட்டது. பிக்கப் பெரும்பாலும் டெலிவரி ஆன முகவரிக்கே வரும், நடுவில் மாற்ற விடமாட்டார்கள். ஆகவே வாங்கும்போதே பகலில் ஆள் இருக்கும் முகவரியைக் கொடுங்கள், அண்ணாச்சி கடையாக இருந்தாலும் சரி. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் உள்ளே இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பார்சல் கொண்டுவந்து கொடுக்கிற ஊருக்கெல்லாம் திரும்ப எடுக்கவும் வருவார்கள் என்பது நிச்சயமில்லை. நீங்களே கூரியரில் போடச் சொல்வார்கள். அப்போது அந்தச் செலவு யாருடையது என்று முதலில் சாட்டில் எழுதி வாங்குங்கள். இருநூறு ரூபாய்ப் பொருளுக்கு நூறு ரூபாய் கூரியர் கட்டி ஏமாறுவதைவிட விட்டுத் தொலைப்பது மேல்.

"நோ ரிட்டர்ன்" என்று பார்த்ததும் அடங்கிவிடுவது

பிடிக்கவில்லை என்று திருப்ப முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். பழுது, போலி, விளம்பரத்தில் காட்டியது ஒன்று வந்தது வேறு என்றால் விற்றவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. ஆப் கேட்கவில்லை என்றால் 1915க்குப் பேசுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அது கோர்ட் இல்லை, உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும். காசு கிடையாது என்பதால் சின்னத் தொகைக்கு இதுதான் தோது.

கன்ஸ்யூமர் கோர்ட்டும் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் நானூறு ரூபாய் டிரிம்மருக்காக எத்தனை நாள் வேலையை விட்டு வாய்தாவுக்கு அலைவீர்கள்? போகப்போவதில்லை என்றால் கால்சென்டர் பெண்ணிடம் கோர்ட், கேஸ் என்று கத்தாதீர்கள். அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும்.

நெட்டில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுவது

அங்கே கிடைப்பது மோசடிக்காரன் நம்பராக இருக்கலாம்; ஐந்நூறு ரூபாய் ஃபேனுக்காக அக்கவுன்ட்டையே துடைத்துக் கொடுக்கும் வழி. ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பக்கம் மட்டுமே. பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை, யாராவது கேட்டால் வையுங்கள் ஃபோனை. பணம் போய்விட்டது என்றால் உடனே 1930, சைபர் குற்ற உதவி எண்.

உப்பிய பேட்டரியைச் சொல்லாமல் பார்சல் கட்டுவது

உப்பியோ சுட்டுக்கொண்டோ இருந்தால் சார்ஜ் போடாமல், படுக்கையை விட்டுத் தள்ளி வெறுந்தரையில் வையுங்கள். போட்டோ எடுத்து, பேட்டரி உப்பியிருக்கிறது என்று ஆப்பில் எழுதுங்கள். பிக்கப்புக்கு வருபவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். மூட்டையில் வைத்துக் கட்டி, பைக்கில் வெயிலில் சுற்றப்போவது அவர்தான்.

ரீஃபண்ட் என்று மெசேஜ் வந்ததும் மறந்துவிடுவது

கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கியிருந்தால் பணம் சில சமயம் ஆப்பின் வாலட்டில் போய் உட்காரும், பேங்க்குக்கு வராது. பேங்க்குக்குப் போட்டதாகச் சொல்லியும் கணக்கில் காணோம் என்றால் யுடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணை, கேட்டு வாங்குங்கள். அந்த எண் இருந்தால்தான் பேங்க் கவுன்ட்டரில் தேடித் தருவார்கள்.