நோட்டு நிறைந்தால் போதுமா? எல்.கே.ஜி., யு.கே.ஜி. பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை ஸ்கூல்விட்டு வந்ததும் பையிலிருந்து முதலில் வெளியே எடுக்கப்படுவது நாலு கோடு நோட்டு. இரண்டு பக்கம் எழுதியிருந்தால் வீட்டில் நிம்மதி. பாதியில் நின்றிருந்தால் மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப் போகிறது. மழலையர் வகுப்புப் பிள்ளையின் படிப்பில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நோட்டையே ரேங்க் கார்டாகப் பார்ப்பதில்தான் ஆரம்பிக்கின்றன.

கை தயாராகும் முன் பென்சில்

நாலு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால், பெரியவர்களுக்கு உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் ஏறக்குறைய பாதிதான் தெரியும். மீதி இன்னும் குருத்தெலும்பு. எட்டும் தெரிய ஒன்பது வயதாவது தாண்ட வேண்டும். விரல்களைத் தனித்தனியாக அசைக்கும் சிறு தசைகளுக்கும் பழக்கம் போதாது. இந்தக் கையில் நீள பென்சிலைக் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னால், பிள்ளை அதை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடிக்கும், முனை உடையும், எழுத்து அடுத்த தாளிலும் பதியும். பிறகு "கை வலிக்குது" என்று அழும். அதைச் சாக்கு என்று நினைக்காதீர்கள்.

கிரேயானை ஓர் அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் முஷ்டியால் பிடிக்க முடியாது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் தானாகச் சேரும். பச்சைப் பட்டாணி உரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது, துணி கிளிப்பை அழுத்தி மாட்டுவது எல்லாமே எழுத்துப் பயிற்சிதான். சிலேட்டைச் சுவரில் சாய்த்து வைத்து எழுதவிட்டால் தோளும் மணிக்கட்டும் சேர்ந்து பழகும். கையைப் பிடித்து எழுத வைப்பதில் உழைப்பது உங்கள் கை. பிள்ளையின் கை வெறுமனே கூட வரும். விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுத வைக்கிறோமே, அதை அந்த ஒரு நாளோடு நிறுத்தாமல் ஒரு மாதம் செய்தாலே போதும்.

இடது கையால் எடுத்தால் மாற்றாதீர்கள். எந்தக் கை என்பது நாலிலிருந்து ஆறு வயதுக்குள் தானே உறுதிப்படும்.

எந்த எழுத்து முதலில்

அ-வில் தொடங்குவது நம் பழக்கம். ஆனால் 'அ' எழுதச் சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்க்கோடு எல்லாம் வேண்டும். 'ட'வுக்கு ஓர் இறக்கம், ஒரு குறுக்கு, அவ்வளவுதான். அதே கோட்டை மேலே ஏற்றினால் 'ப'. பாடுவதற்கு அ, ஆ வரிசை இருக்கட்டும். எழுத ட, ப, ம என்று போங்கள். மூன்றே எழுத்துகளோடு புள்ளியும் சேர்ந்தால் படம், பட்டம், மடம், மட்டம் என்று நாலு சொல் கிடைத்துவிடும். தானே ஒரு சொல்லைப் படித்துவிட்டோம் என்று தெரிந்த பிள்ளையை அடுத்த எழுத்துக்கு இழுக்க வேண்டியதில்லை.

படிப்பில் இன்னொரு சிக்கல், எழுத்தின் பெயரையும் ஒலியையும் குழப்புவது. 'சி, ஏ, டி' என்று மூன்று பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'கேட்' வராது. தமிழிலும் இது உண்டு: மெய்யெழுத்தை 'இக்', 'இம்' என்றே மனப்பாடம் செய்த பிள்ளை 'பக்கம்' என்பதை 'ப-இக்-க-இம்' என்று படிக்கும். முன்னால் ஒட்டியிருக்கும் அந்த 'இ'யை விட்டுவிட்டு, முந்தைய எழுத்தோடு சேர்த்து 'பக்', 'கம்' என்று சொல்லிக் காட்டுங்கள். 'ஏ ஃபார் ஆப்பிள்' அட்டையில் படத்தைக் கையால் மறைத்து, வரிசை மாற்றிக் கேட்டால்தான் தெரியும், பிள்ளை பார்ப்பது எழுத்தையா ஆப்பிளையா என்று.

ஆங்கிலச் சிறிய எழுத்து 'பி'யை (b) 'டி' (d) போலத் திருப்பி எழுதுவதும், 3-ஐ எதிர்ப்பக்கம் பார்க்க வைப்பதும் ஏழு வயது வரை சகஜம். சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம்.

நூறு வரை சொல்வது கணக்கல்ல

விருந்தாளி வந்தால் "நூறு வரை சொல்லு கண்ணு" என்போம். அது பாட்டு. எண்ணத் தெரியுமா என்று பார்க்க ஏழு புளியங்கொட்டை போதும். எண்ணச் சொல்லி, முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால், அதே ஏழு கொட்டையையும் தள்ளித் தள்ளிப் பரப்பிக் கேளுங்கள். "இப்ப நிறைய" என்று சொன்னால் 20, 30-க்குப் போக அவசரமில்லை. குவியலிலிருந்து "அஞ்சு குடு" என்பது அடுத்த படி. பல்லாங்குழியும் தாயமும் இதற்கென்றே செய்தவை போல இருக்கின்றன.

எண்ணை வீட்டில் தமிழில் சொல்வதில் ஒரு லாபமும் உண்டு. 'பதிமூன்று' என்றால் பத்தும் மூன்றும், எழுதும் வரிசையிலேயே காதில் விழுகிறது. 'தர்ட்டீன்' மூன்றை முதலில் சொல்வதால் பிள்ளை 31 என்று எழுதுகிறது, 'தர்ட்டி'யோடும் குழம்புகிறது. (தமிழும் முழு யோக்கியமில்லை. எண்பத்தொன்பதுக்கு அடுத்து 'தொண்ணூறு' என்று நூறு வேஷம் போட்டு வருகிறது.)

பள்ளி ஆங்கிலவழி என்பதற்காக வீட்டில் "கம், ஈட், சிட்" என்று துண்டு ஆங்கிலத்துக்கு மாறுவது பெரிய நஷ்டம். நாலு வயதில் பிள்ளைக்குத் தேவை முழு வாக்கியங்களும் 'ஏன்', 'அப்புறம்' என்ற பேச்சும். அவை உங்களுக்குச் சரளமான மொழியில்தான் கிடைக்கும்.

எவ்வளவு நேரம், யாரோடு ஒப்பிட

ஐந்து வயதில் ஒரு வேலையில் 5 முதல் 10 நிமிடம் கவனம் நிற்பதே இயல்பு. டிவி பார்க்கும் நேரம் இதில் சேராது. ஒரு மணி நேர ஹோம்வொர்க்கை விட, பத்து நிமிடமாக இரண்டு தடவை உட்காரவைப்பது மேல். மூன்று, நாலு வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தூக்கம், பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். வேனுக்காக ஆறரைக்கு எழுப்பினால், மதியம் தூங்காத பிள்ளை இரவு எட்டரைக்காவது தூங்கியிருக்க வேண்டும். பத்தரைக்குத் தூங்கிய பிள்ளையைத்தான் "கவனமே இல்ல" என்று திட்டுகிறோம்.

ஒரே எல்.கே.ஜி.யில் பதினொரு மாத வித்தியாசமுள்ள பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவது உண்டு. மூன்று வயதில் அது, பிள்ளை அதுவரை வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே, அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் எட்டு வயதுக்குள் வர வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. நாலு வயதில் நம் பிள்ளை எழுதிப் படிக்கும் வீடியோ வாட்ஸ்அப் குரூப்பில் வரவில்லை என்று கலங்க ஒன்றுமில்லை.

எதிர்ப்பக்கத் தவறு

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று தள்ளிப்போடுவதும் தவறுதான். நாலு வயதில் நாலைந்து சொல் சேர்ந்த வாக்கியம் வராதது, வெளியாட்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியாதது, ஐந்து வயதில் இரண்டு சம்பவங்களைக் கோத்துச் சொல்ல முடியாதது, ஒற்றைக் காலில் குதிக்க வராதது: இவை இருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் காத்திருக்கவே கூடாது. மாவட்டங்களில் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம்) எனப்படும் அரசு மையங்களிலும் பரிசோதனை உண்டு. கூப்பிட்டால் திரும்பாத, டிவி சத்தத்தைக் கூட்டும், அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு டியூஷன் தேடுவதற்கு முன் காதைப் பரிசோதியுங்கள். நடுக்காதில் நீர் கட்டியிருந்தால் வகுப்பில் மிஸ் சொல்வது பாதிதான் கேட்கும்.