குளோபல் ஹெல்த் கிராஜுவேட் சர்டிஃபிகேட்: பணம் கட்டுமுன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் குளோபல் ஹெல்த் கிராஜுவேட் சர்டிஃபிகேட் பெரும்பாலும் 12 முதல் 18 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) வரை உள்ள, இளங்கலைக்குப் பிந்தைய குறும்படிப்பு. நான்கு முதல் ஆறு பாடங்கள்தான். முழுநேரமாகப் படித்தால் ஓராண்டுக்குள் முடியும், வேலை பார்த்துக்கொண்டே படித்தால் இரண்டாண்டு ஆகும். பொது சுகாதார முதுகலைப் பட்டமான எம்.பி.ஹெச்.சுக்கு அங்கீகார அமைப்பான சி.இ.பி.ஹெச். வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 42 கிரெடிட். சர்டிஃபிகேட் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மருத்துவம், செவிலியம், சமூகப்பணி, புள்ளியியல் என ஏற்கெனவே கையில் இருக்கும் தகுதியோடு சேரும்போதுதான் இதற்கு மதிப்பு. தனித்து நின்று வேலை வாங்கித் தராது. கீழே வரும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

பெயர் ஒன்று, படிப்பு வேறு

'குளோபல் ஹெல்த் சர்டிஃபிகேட்' என்ற ஒரே பெயரில் மூன்று வகைப் படிப்புகள் உலவுகின்றன. முதல் வகை, அந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவர்களுக்கு மட்டுமானது. கொலம்பியாவின் மெயில்மன் பொது சுகாதாரப் பள்ளியில் எம்.பி.ஹெச். மாணவர்கள் தங்கள் பட்டத்தோடு சேர்த்து ஒரு சர்டிஃபிகேட்டைத் தேர்ந்தெடுப்பது இந்த வகை. வெளியாள் அதற்கு மட்டும் விண்ணப்பிக்க முடியாது. இரண்டாவது வகையில் இளங்கலைப் பட்டம் உள்ள எவரும் தனியாகச் சேரலாம், கிரெடிட்டும் உண்டு. மூன்றாவது வகை சில வாரங்களில் முடியும் இணைய வகுப்பு. கடைசியில் அழகான பி.டி.எஃப். வரும், கிரெடிட் இருக்காது.

மூன்றாவது வகையைப் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: "முதுநிலை கிரெடிட்டோடு அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) கிடைக்குமா?" பதில் மழுப்பலாக வந்தால் அது மூன்றாவது வகை. கற்றுக்கொள்வதற்காகச் சேர்வதில் தவறில்லை, ஆனால் அதை ரெஸ்யூமேயில் கிராஜுவேட் சர்டிஃபிகேட் என்று எழுதினால் சரிபார்ப்பில் மாட்டும்.

பிரிட்டனோடு ஒப்பிடும்போதும் குழப்பம் வரும். அங்கே போஸ்ட்கிராஜுவேட் சர்டிஃபிகேட் 60 கிரெடிட், எம்.எஸ்சி. 180. அறுபதைப் பார்த்து மலைக்க வேண்டாம். பிரிட்டனில் ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு, ஆகவே மொத்தம் 600 மணி. அமெரிக்க செமஸ்டர் கிரெடிட் ஒன்றுக்கு வகுப்பும் வீட்டுப்படிப்பும் சேர்த்துச் சுமார் 45 மணி, எனவே 15 கிரெடிட்டுக்கு 675 மணி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்காவிலேயே குவார்ட்டர் முறையில் நடக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அங்கே ஒன்றரை கிரெடிட் சேர்ந்தால்தான் ஒரு செமஸ்டர் கிரெடிட். கட்டணத்தை ஒப்பிடுமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

"பிறகு எம்.பி.ஹெச்.சில் சேர்த்துக்கொள்ளலாம்"

விளம்பரத்தில் இப்படித்தான் இருக்கும். நிபந்தனைகள் உள்ளே இருக்கும். எத்தனை கிரெடிட்டை மாற்றலாம் என்பதற்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். பாடம் முடித்து இத்தனை ஆண்டுக்குள் பட்டத்தில் சேர வேண்டும் என்பார்கள். 'பி' கிரேடுக்குக் கீழே இருந்தால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். ஒரு தகுதிக்கு ஏற்கெனவே கணக்கில் எடுத்த கிரெடிட்டை இன்னொன்றுக்கு எடுக்க மாட்டோம் என்ற விதி சில இடங்களில் இருக்கிறது. அப்படியானால் சர்டிஃபிகேட்டை முறைப்படி வாங்கிய நாளிலேயே எம்.பி.ஹெச். கனவுக்கான கிரெடிட் கரைந்துவிடும். சர்டிஃபிகேட் பாடங்களுக்கும் எம்.பி.ஹெச். பாடங்களுக்கும் பாட எண் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றென்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு அட்மிஷன் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள், தொலைபேசியில் சொன்னது போதாது.

விசா

அதிகப் பண இழப்பு இங்கேதான். முழுக்க இணையவழி நடக்கும் சர்டிஃபிகேட்டுக்கு ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) கிடைக்காது, ஆகவே எஃப்-1 எனும் மாணவர் விசாவும் கிடையாது. நேரடி வகுப்பு என்றாலும் முழுநேரமாகப் படிக்க வேண்டும். எஃப்-1 மாணவர் ஒரு பருவத்தில் முழுநேரக் கணக்கில் காட்டக்கூடிய இணையப் பாடம் ஒன்று அல்லது 3 கிரெடிட் மட்டுமே.

படிப்புக்குப் பிறகு ஓ.பி.டி.யில் (எஃப்-1 மாணவருக்கான தற்காலிக வேலை அனுமதி) வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேரமாகப் படித்திருந்தால்தான் ஓ.பி.டி. தகுதி. 12 கிரெடிட்டை ஒரே செமஸ்டரில் அவசரமாக முடித்தவருக்கு அது இல்லை. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு ஓ.பி.டி.யில் கிடைக்கும் 24 மாத ஸ்டெம் நீட்டிப்புக்குப் பட்டம் வேண்டும், சர்டிஃபிகேட்டை வைத்து விண்ணப்பிக்க முடியாது.

வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெண்களில், எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., நர்சிங் முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் பலர். அவர்களுக்கு இந்தப் படிப்பு பொருந்தும். எச்-4இலேயே பகுதிநேரமாகவோ முழுநேரமாகவோ படிக்கலாம், எஃப்-1க்கு மாற வேண்டியதில்லை. ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்தோடு கூடிய பிராக்டிகம் (செய்முறைப் பயிற்சி) செய்ய முடியாது. படிப்பின் பகுதியாக வேலை செய்ய எஃப்-1 மாணவருக்கு உள்ள சி.பி.டி. வசதி எச்-4க்கு இல்லை. சம்பளமில்லாத பிராக்டிகம் என்றாலும் அது வேலையாகக் கருதப்படுமா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: இந்தச் சர்டிஃபிகேட் மருத்துவ உரிமம் தராது, ரெசிடென்சி (மருத்துவமனை மேற்பயிற்சி) இடத்துக்கு யு.எஸ்.எம்.எல்.இ. எனும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் வேலையையும் செய்யாது.

நேரக் கணக்கு

3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 15 வாரமும் வாரத்துக்கு 9 மணி நேரம் வேண்டும். அதே பாடம் 8 வாரத்தில் சுருக்கி நடத்தப்பட்டால் வாரத்துக்கு 17 மணி. எட்டு வாரப் பாடங்கள் இரண்டை ஒன்றாக எடுத்துக்கொண்டு பகல் வேலையும் பார்க்கிறவர்கள் நடுவில் விடுவது இதனால்தான். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ படிப்பவர்கள் நேரலை வகுப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். நியூயார்க் நேரம் மாலை 6.30 மணி வகுப்பு கோடையில் நமக்கு விடிகாலை 4 மணி, நவம்பரில் கடிகாரத்தை மாற்றிய பின் 5 மணி. குளோபல் என்பதன் முதல் பாடம் அலாரம்.

எந்தப் பாடங்கள்

கட்டாயப் பாடமாக ஒரு குளோபல் ஹெல்த் அறிமுகம் இருக்கும். நோய்ச்சுமையை அளக்கும் டாலி, ஆரம்ப சுகாதாரம் பற்றிய 1978 அல்மா-ஆட்டா பிரகடனம், 2005ஆம் ஆண்டு சர்வதேச சுகாதார விதிமுறைகள், தடுப்பூசிக் கூட்டணியான கேவி, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிராக நிதி தரும் குளோபல் ஃபண்ட் எல்லாம் அதிலேயே வந்துவிடும். பிறகு விருப்பப் பாடங்களையும் 'சமகாலச் சிக்கல்கள்', 'சுகாதாரமும் உலகமயமும்' என்ற ரகத்திலேயே எடுப்பது பெரிய தவறு. படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் வேலைக்கு எடுப்பவர் "என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்பார். எபிடெமியாலஜி (நோய்ப்பரவலியல்), பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (உயிர்ப்புள்ளியியல்), கண்காணிப்பு மதிப்பீடு, ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறை) இவற்றில் குறைந்தது இரண்டு இருக்கட்டும். ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒரு தரவுத் தொகுப்பைக் கையாண்டு காட்டினால், ஐந்து கட்டுரைகள் எழுதியதைவிட மேல்.

விண்ணப்பக் கட்டுரையிலும் இதே மயக்கம்தான். "ஏழை நாடுகளுக்குச் சேவை செய்ய வேண்டும்" என்ற வரியைத் தேர்வுக்குழு அன்றாடம் படிக்கிறது. அதற்குப் பதில் ஒரு கேள்வியைக் கையில் எடுங்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறிந்த கையோடு உடல் நிறைக் குறியீடு, காலில் வீக்கம், மூச்சு வேகம், ரத்த ஆக்சிஜன், தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் உள்ளவர்களைப் பிரிக்கிறது. இதே முறையை ஆய்வக வசதி குறைந்த இன்னொரு நாட்டில் நடத்த என்ன தேவைப்படும்? இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. வெளியிலிருந்து வரும் தொற்று மீண்டும் வேரூன்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இப்படி ஒன்று இருந்தால் கட்டுரை தானாக நகரும்.

களப்பணி

ஒரு செமஸ்டர் கேப்ஸ்டோனுக்காக (இறுதித் திட்டப்பணி) ஊருக்கு வந்து சர்வே எடுத்துப் போகலாம் என்று திட்டமிடுபவர்கள் ஒப்புதல்களை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஐ.ஆர்.பி. (ஆய்வு நெறிமுறைக் குழு) ஒப்புதல் மட்டும் போதாது. இந்தியாவில் ஒரு நிறுவனம் துணை நிற்க வேண்டும், அதன் நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும், வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு என்றால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டிக்கும் போக வேண்டும். பதினைந்து வாரத்தில் இவ்வளவும் முடிவது அரிது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் சுற்றுலா விசாவில் வந்து ஆய்வு செய்வதும் கூடாது. தேசியக் குடும்பநல ஆய்வு, உலக நோய்ச்சுமை ஆய்வு ஆகியவற்றின் தரவை எடுத்து அலசுவது குறுகிய காலத்துக்கு ஏற்ற வழி. அதற்கும் ஐ.ஆர்.பி.யிடம் விலக்கு வாங்க வேண்டியிருக்கலாம், முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

வேலைச் சந்தை

பழைய கையேடுகளில் 'பணி வாய்ப்புகள்' என்ற பக்கத்தை இன்று அப்படியே நம்ப முடியாது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, ஜூலை 1 முதல் அந்த உதவியை வழங்கிவந்த யு.எஸ்.எய்டு தனி அமைப்பாக இயங்கவில்லை. அதன் நிதியில் ஓடிய ஒப்பந்த நிறுவனங்களில் வேலைகள் போயின. ஆகவே சேருமுன் கடந்த ஆறு மாத வேலை விளம்பரங்களில் இருபதை எடுத்து, எத்தனை இடங்களில் முதுகலைப் பட்டம் கட்டாயம் என்று எண்ணிப் பாருங்கள். ஐ.நா. அமைப்புகளில் 'உயர் பட்டம்' என்று கேட்டால் அது முதுகலையைக் குறிக்கும், சர்டிஃபிகேட் அதில் அடங்காது. உலக சுகாதார நிறுவனம் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் உள்ள பல்கலைக்கழகங்களின் தகுதிகளையே ஏற்கிறது. நீங்கள் சேரப்போகும் இடம் அதில் இருக்கிறதா என்று இணையத்தில் தேட ஐந்து நிமிடம் போதும்.

பாடங்களை முடித்துவிட்டால் சான்றிதழ் தானாக வீட்டுக்கு வந்துவிடும் என்றும் இருக்காதீர்கள். பல இடங்களில் கடைசிப் பருவத்தின் தொடக்கத்திலேயே அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். தேதி தவறினால் அடுத்த பருவம்வரை டிரான்ஸ்கிரிப்டில் அந்த வரி ஏறாது.