ரூட் செய்த ஆண்ட்ராய்டு போனில் ப்ராசசர் வேகத்தை அமைப்பது எப்படி?

போனை ரூட் செய்து, அதாவது அதன் மென்பொருள் முழுவதையும் மாற்றும் உரிமையைப் பெற்று, முடித்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "ப்ராசசரை இன்னும் வேகமாக ஓடவைக்க முடியுமா?" என்பதுதான். நான் அவர்களுக்குச் சொல்வது, முதலில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் என்று. ப்ராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளைக் கோர்கள் என்பார்கள். அவற்றில் பெரிய கோர்களின் உச்ச வேகத்தை அளவாகக் குறைத்தால் போனின் சூடு தணிகிறது, கனமான வேலைகளின்போது பேட்டரி நிதானமாக இறங்குகிறது. செய்தி படிப்பது, பேசுவது, வீடியோ பார்ப்பது போன்ற அன்றாட வேலைகளில் வித்தியாசம் தெரிவதே அரிது. இதைப் பாதுகாப்பாகச் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைப் பற்றி. தமிழில் 'செயலி' என்பதை ஆப்புக்கும் வழங்குகிறோம், ப்ராசசருக்கும் வழங்குகிறோம். இரண்டையும் ஒரே கட்டுரையில் பேசினால் குழப்பம் வரும். ஆகவே இங்கே செயலி என்றால் ஆப் மட்டுமே. மற்றதை ப்ராசசர் என்றே எழுதுகிறேன்.

எதை மாற்றப்போகிறோம்?

ப்ராசசர் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதற்கென்று வகுக்கப்பட்ட வேகப் படிகள் உண்டு. வேலை குறைவாக இருந்தால் கீழ்ப்படியில் நிற்கும், வேலை கூடினால் மேலே ஏறும். ஸ்னாப்டிராகன் 845 ப்ராசசரை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு கோர்கள், இரண்டு குழுக்களாக. நான்கு சிறிய கோர்கள் 300 மெகாஹெர்ட்ஸ் முதல் சுமார் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். நான்கு பெரிய கோர்கள் சுமார் 825 முதல் 2803 வரை ஓடும். அதற்கு அடுத்து வந்த 855 ப்ராசசரில் மூன்று குழுக்கள்: நான்கு சிறியவை, மூன்று பெரியவை, தனியாக ஒரு மிகப் பெரிய கோர். இன்றைய போன்களில் பெரும்பாலும் ஒரு குழுவைச் சேர்ந்த கோர்கள் எல்லாம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அதனால்தான் அமைப்புகளும் குழுவுக்கு ஒன்றாக இருக்கின்றன.

ஒவ்வொரு குழுவிலும் நம் கைக்கு எட்டுபவை மூன்று: குறைந்தபட்ச வேகம், அதிகபட்ச வேகம், கவர்னர். முதல் இரண்டும் வேலிகள். அந்த வேலிகளுக்கு நடுவே எந்த நேரத்தில் எந்தப் படியில் நிற்பது என்று முடிவு செய்வது கவர்னர். இது கர்னலின், அதாவது ஆண்ட்ராய்டின் அடியில் இருந்து வன்பொருளை இயக்கும் மைய மென்பொருளின், ஒரு பகுதி.

அதிகபட்ச வேகத்தைக் குறைப்பதால் இவ்வளவு பயன் ஏன்? ப்ராசசர் இயங்கும்போது செலவிடும் மின்திறன் அதிர்வெண்ணுக்கு, அதாவது வேகத்துக்கு, நேர் விகிதத்தில் கூடுகிறது, மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர் விகிதத்தில் கூடுகிறது. மேல்படிகளுக்கு ஏற ஏற மின்னழுத்தமும் ஏறியாக வேண்டும். உதாரணத்துக்கு, வேகத்தை 25 சதவீதம் குறைக்கும்போது மின்னழுத்தம் 10 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.75-ஐ 0.9-இன் வர்க்கத்தால், அதாவது 0.81-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.61 வருகிறது. கால் பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்து, அந்த நேரத்தின் மின்செலவில் கிட்டத்தட்ட 40 சதவீதத்தை மிச்சப்படுத்துகிறோம். வேலை முடிய அதிக நேரம் பிடிப்பதால் மொத்தச் சேமிப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் மேல்படிகளின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் மிக விலை உயர்ந்தவை என்பது புரியும்.

படி 1: திரும்பி வரும் வழியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்

போன் ஏற்கெனவே ரூட் செய்யப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். படங்கள், தொடர்பு எண்கள், உரையாடல்கள் அனைத்தையும் போனுக்கு வெளியே ஓர் இடத்தில் பேக்கப் எடுத்துவையுங்கள். இப்போது போனில் ஓடும் மென்பொருள் பதிப்புக்குரிய பூட் இமேஜ் கோப்பும் (போன் துவங்கத் தேவையான கர்னல் அடங்கிய கோப்பு) கணினியில் இருக்கட்டும். வெறும் வேக மாற்றத்தால் அது தேவைப்படும் நிலை அநேகமாக வராது. ஆனால் ரூட் செய்த போனை வைத்திருப்பவரிடம் அந்தக் கோப்பு எப்போதும் இருக்க வேண்டும். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள்.

படி 2: செயலியை நிறுவுங்கள்

கர்னல் அமைப்புகளை மாற்றப் பல செயலிகள் உள்ளன. கர்னல் அட்யூட்டர் நீண்ட காலம் பலரும் பயன்படுத்தியது, இப்போது பழையதாகிவிட்டது. அதன் வழியில் உருவான ஸ்மார்ட்பேக் கர்னல் மேனேஜர் திறந்த மூல மென்பொருள். தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இஎக்ஸ் கர்னல் மேனேஜரும் நல்லது. எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செயலிகள் ஒரே அமைப்பில் மாறி மாறி எழுதினால் எது எதை மாற்றியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முதல் முறை திறக்கும்போது மேஜிஸ்க் போன்ற உங்கள் ரூட் மேலாளர் அனுமதி கேட்கும். அனுமதி கொடுங்கள். கேட்கவே இல்லையென்றால் ரூட் மேலாளரைத் திறந்து, சூப்பர்யூசர் பட்டியலில் இந்தச் செயலி மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: இருப்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

செயலியில் சிபியூ (ப்ராசசர்) என்ற பகுதிக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக அதிகபட்ச வேகம், குறைந்தபட்ச வேகம், கவர்னர் ஆகியவை தெரியும். எதையும் தொடாமல் முழுப் பகுதியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படங்களை இன்னொரு சாதனத்துக்கும் அனுப்பிவையுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்த்துவிட்டுப் பிறகு "முதலில் எவ்வளவு இருந்தது?" என்று தேடித் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சில செயலிகள் எண்களைக் கிலோஹெர்ட்ஸில் காட்டும். 1766400 என்று இருந்தால் அது 1766.4 மெகாஹெர்ட்ஸ், அதாவது சுமார் 1.77 கிகாஹெர்ட்ஸ்.

அதே இடத்தில் ஒவ்வொரு வேகப் படியிலும் ப்ராசசர் எவ்வளவு நேரம் நின்றது என்ற அட்டவணை இருக்கும். புதியவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. எனக்கோ இந்தச் செயலிகளில் மிகப் பயனுள்ள பகுதி இதுதான். ஒரு நாள் வழக்கம்போல் போனைப் பயன்படுத்திவிட்டு அதைத் திறந்து பாருங்கள். பெரும்பகுதி நேரம் உறக்கத்திலோ கீழ்ப்படிகளிலோ கழிந்திருந்தால், உச்ச வேகத்தைக் குறைப்பதால் பேட்டரியில் பெரிய மாற்றம் வராது, சூடு மட்டும் தணியும். பெரிய கோர்கள் மேல்படிகளில் நீண்ட நேரம் நின்றிருந்தால் நீங்கள் செய்யப்போகும் மாற்றம் நன்றாகவே தெரியும்.

படி 4: பெரிய கோர்களின் உச்ச வேகத்தைக் குறையுங்கள்

பெரிய கோர்களின் குழுவில் அதிகபட்ச வேகத்தைத் தட்டினால் படிகளின் பட்டியல் விரியும். உச்சத்திலிருந்து 20 முதல் 25 சதவீதம் கீழே உள்ள படியைத் தேர்ந்தெடுங்கள். 2803 உச்சமாக உள்ள ப்ராசசரில் 2092-க்கு அருகில் உள்ள படி எனக்கு நன்றாக ஒத்துவந்தது. தனியாக ஒரு மிகப் பெரிய கோர் உள்ள போனில் முதலில் அதை மட்டும் குறைத்துப் பாருங்கள்.

சிறிய கோர்களை விட்டுவிடுங்கள். அவற்றின் உச்ச வேகமே குறைவு. அதையும் குறைத்தால் வேலை பெரிய கோர்களுக்குத் தள்ளப்பட்டு, மிச்சப்படுத்த நினைத்ததைவிட அதிகம் செலவாகும்.

குறைந்தபட்ச வேகத்தையும் தொட வேண்டாம். அதைக் கூட்டினால் லேசான வேலைக்கும் மின்சாரம் வீணாகும். குறைப்பதற்கும் பொதுவாக இடமில்லை, பெரும்பாலான போன்களில் அது ஏற்கெனவே மிகக் கீழ்ப்படியில்தான் இருக்கிறது. வேலையே இல்லாதபோது கோர்கள் உறங்கிவிடுகின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

போனைத் துவக்கும்போது அமைப்புகளைத் தானாகப் பொருத்தும் 'அப்ளை ஆன் பூட்' வசதி இப்போது அணைந்தே இருக்கட்டும். அது அணைந்திருக்கும் வரை எந்தத் தவறையும் ஒரு ரீபூட் சரிசெய்துவிடும்.

படி 5: அளந்து பாருங்கள்

மனசுக்குத் தோன்றுவதை நம்பாதீர்கள். ஒரே விளையாட்டை அல்லது ஒரே கனமான வேலையை, ஒரே திரை வெளிச்சத்தில், முப்பது நிமிடம் செய்யுங்கள். மாற்றத்துக்கு முன் ஒருமுறை, மாற்றிய பின் ஒருமுறை. தொடக்கத்திலும் முடிவிலும் பேட்டரி சதவீதத்தையும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் போன் ஆறிய நிலையில் தொடங்க வேண்டும், சார்ஜில் இருக்கக் கூடாது. பிறகு இரண்டு நாள் சாதாரணமாகப் பயன்படுத்துங்கள். கேமரா தாமதமாகத் திறக்கிறது, பக்கங்கள் திணறி நகர்கின்றன என்று பட்டால் இரண்டு படி மேலே ஏற்றுங்கள்.

நீண்ட நேரம் விளையாடுபவர்களுக்கு எதிர்பாராத நன்மை ஒன்று கிடைக்கலாம். உச்ச வேகத்தில் ஓடும் போன் சூடேறி, வெப்பக் கட்டுப்பாடு தலையிட்டு, வேகத்தைச் சட்டென்று கீழே இறக்கும். அப்போது காட்சி தடுமாறும். தொடக்கத்திலிருந்தே சற்றுக் குறைந்த வேகத்தில் ஓடினால் அந்தத் தடுமாற்றம் குறையும்.

படி 6: கவர்னர்

இங்கே எச்சரிக்கையுடன் இருங்கள். பட்டியலில் உள்ளவற்றில் 'பெர்ஃபார்மன்ஸ்' எப்போதும் உச்ச வேலியிலேயே நிற்கும். 'பவர்சேவ்' எப்போதும் கீழ் வேலியிலேயே நிற்கும். பெயரைப் பார்த்து மின்சாரம் மிச்சமாகும் என்று நம்பி நானே ஒருமுறை பவர்சேவைத் தேர்ந்தெடுத்து, அப்ளை ஆன் பூட்டையும் இயக்கிவிட்டேன். ரீபூட் செய்ததும் பூட்டுத் திரையில் ஓர் எண்ணை அழுத்திவிட்டு அது பதிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சிறு வேலையும் நீண்டதால் திரை அதிக நேரம் எரிந்தது, பேட்டரியும் மிஞ்சவில்லை.

'ஆன்டிமாண்ட்', 'கன்சர்வேட்டிவ்', 'இன்டர்ஆக்டிவ்' ஆகியவை பழைய தலைமுறை. 'ஷெட்யூட்டில்' லினக்ஸ் கர்னலின் 4.7 பதிப்பில், 2016-இல் வந்தது. எந்தக் கோரில் எவ்வளவு வேலை இருக்கிறது என்ற கணக்கைக் வேலைகளைக் கோர்களுக்குப் பங்கிடும் கர்னலின் ஷெட்யூலரிடமிருந்தே இது நேரடியாகப் பெறுகிறது. கோரின் முழுத் திறனில் 40 சதவீதம் தேவை என்று தெரிந்தால், அதில் கால் பங்கைக் கூடுதலாகச் சேர்த்து 50 சதவீத வேகத்துக்குப் போகிறது. உங்கள் போனில் ஷெட்யூட்டில் இருந்தால் அதை மாற்றக் காரணமே இல்லை. பழைய போனில் இன்டர்ஆக்டிவ் இருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும்.

மாற்றிய எண் நிற்கவில்லையா?

2092 என்று வைத்தீர்கள், சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் வேறு எண் இருக்கிறது. செயலி பழுதாகிவிட்டதாக நினைத்து நிறுவி நிறுவி அழிக்க வேண்டாம். அதே அமைப்பில் எழுதும் கைகள் போனுக்குள் வேறு சிலவும் இருக்கின்றன. வெப்பக் கட்டுப்பாட்டுச் சேவை சூடு கூடினால் உச்ச வேலியைக் கீழே இறக்கும், ஆறியதும் மேலே ஏற்றும். திரையைத் தொடும்போதோ செயலியைத் திறக்கும்போதோ ஆண்ட்ராய்டின் மின்சக்தி மேலாண்மைப் பகுதி சில நொடிகளுக்குக் கீழ் வேலியை உயர்த்தும். முதலில் போனை ஆறவிட்டு மீண்டும் வைத்துப் பாருங்கள். போனின் பேட்டரி சேமிப்பு முறையோ விளையாட்டு முறையோ இயங்கிக்கொண்டிருந்தால் அணையுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் அந்தப் போனின் மென்பொருளே அதை விடாமல் மாற்றுகிறது என்று பொருள்.

எக்காரணம் கொண்டும் வெப்பக் கட்டுப்பாட்டை முடக்காதீர்கள். "தெர்மலை அணைத்தால் வேகம் நிற்கும்" என்ற அறிவுரை அடிக்கடி கண்ணில் படும். அந்தச் சேவை காப்பாற்றுவது உங்கள் பேட்டரியையும் உங்கள் கையையும்.

உச்சத்துக்கு மேலே ஏற்ற முடியுமா?

செயலியால் மட்டும் முடியாது. படிகளின் அட்டவணை கர்னலிலோ ப்ராசசரின் சொந்த மென்பொருளிலோ இருக்கிறது. அதைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்தாலும் கர்னல் உச்சப் படியிலேயே நிறுத்திவிடும். இப்படி உச்சத்துக்கு மேலே ஏற்றும் ஓவர்கிளாக்குக்கு அந்தப் போனுக்கென்றே மாற்றி எழுதிய கர்னல் வேண்டும். 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஹெச்டிசி ட்ரீமில் 528 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர் 384-க்கு மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதைத் திறந்துவிட்டால் உண்மையிலேயே பலன் இருந்தது. இன்றைய போன்களோ தாங்கக்கூடிய எல்லையை ஒட்டியே விற்பனைக்கு வருகின்றன.

படி 7: நிரந்தரமாக்குவது

இரண்டு மூன்று நாள் சிக்கலின்றி ஓடிய பிறகே அப்ளை ஆன் பூட்டை இயக்குங்கள். தாமத நேரம் வைக்கும் வசதி இருந்தால் ஒரு நிமிடமாவது வையுங்கள். ஏதாவது தவறினால், அந்த இடைவெளியில் செயலியைத் திறந்து அதை அணைத்துவிடலாம்.

அதற்கும் முடியவில்லையென்றால் சேஃப் மோடில் துவக்குங்கள். பல போன்களில், துவங்கும் அசைபடம் தோன்றியதும் ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். நீங்கள் நிறுவிய செயலிகள் எதுவும் அந்த நிலையில் ஓடாது என்பதால் வேக அமைப்பும் பொருத்தப்படாது. பவர்சேவ் சிக்கலிலிருந்து நான் மீண்டது இப்படித்தான். சேஃப் மோடில் இருந்தபடியே கர்னல் செயலியை நீக்கிவிட்டு, வழக்கம்போல் ரீபூட் செய்யுங்கள். படி 3-இல் பிடித்துவைத்த படங்களுடன் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு புதுப்பிப்பு வந்தால் நிறுவுவதற்கு முன் அப்ளை ஆன் பூட்டை அணைத்துவிடுங்கள். புதுப்பிப்போடு கர்னலும் மாறலாம், படிகளும் கவர்னர் பட்டியலும் மாறியிருக்கலாம். புதுப்பித்து, மீண்டும் ரூட் செய்த பிறகு, புதிய எண்களைப் படம்பிடித்து, படி 4-இலிருந்து தொடருங்கள்.