அலெக்சாந்தர் காசில் இருப்பது அலெக்சாந்தர் அல்ல: கிரேக்கத் தங்கக்காசுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரைப் பார்த்து முகத்தை முடிவு செய்வதுதான் பலரும் முதலில் சறுக்கும் இடம். சுமார் 8.6 கிராம் எடையுள்ள, ‘ஸ்டேட்டர்’ எனப்படும் அலெக்சாந்தரின் தங்கக்காசை உற்றுப் பாருங்கள். தலைப் பக்கத்தில் கொரிந்தியத் தலைக்கவசத்தை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட முகம். கவசத்துக்குக் கீழே கழுத்தில் சுருண்டு விழும் கூந்தல். அது அத்தீனா தேவி. மறுபக்கத்தில் சிறகுள்ள வெற்றித் தேவதை நீக்கே ஒரு கையில் மலர்வளையமும், மறு கையில் கப்பலின் பின்புறத்தில் நடும் குறுக்குக் கம்பமும் ஏந்தி நிற்கிறாள். தரைப்படையால் உலகை வென்றவனின் காசில் கப்பல் சின்னம் எதற்கு? பாரசீகக் கடற்படையைக் கிரேக்கர் முறியடித்த கி.மு. 480 சலாமிஸ் போரை இது நினைவூட்டுகிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

அலெக்சாந்தரின் முகம் வேண்டுமென்றால், அவர் இறந்த பிறகு அவருடைய தளபதிகளில் ஒருவரான லிசிமாக்கஸ் வெளியிட்ட தங்கக்காசுகளைப் பாருங்கள். காதோரம் வளைந்திருக்கும் ஆட்டுக்கடாக் கொம்பை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது அம்மோன் தெய்வத்தின் கொம்பு. எகிப்தின் சீவா பாலைவனச் சோலைக்குப் போய் அந்தத் தெய்வத்திடம் அலெக்சாந்தர் குறிகேட்ட ஆண்டு கி.மு. 331.

பெயரை வைத்துக் காலம் கணிப்பதும் ஆபத்து. கி.மு. 323-இல் அவர் இறந்த பின்னும் அதே பெயரில், அதே உருவங்களோடு பல நகரங்கள் காசு அடித்தன. அச்சிட்ட ஊரைக் காட்டும் சின்னக் குறிகளைப் பார்க்காமல் ஆண்டு சொல்லாதீர்கள்.

பழைய தங்கக்காசு என்றாலே கிரேக்கம் என்பது இன்னொரு பிழை. சிங்கமும் காளையும் எதிரெதிரே நிற்கும் காசு இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியா நாட்டின் குரோசஸ் மன்னனுடையது. அவனைத் தோற்கடித்த பாரசீகரும் கொஞ்சகாலம் அதே உருவத்தையே அடித்தார்கள்.

அலெக்சாந்தரின் தந்தை இரண்டாம் பிலிப்பின் ஸ்டேட்டரில் ஒருபக்கம் அப்பல்லோ, மறுபக்கம் இரட்டைக் குதிரைத் தேர். ‘கால்’ எனப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியிலும் பிரிட்டனிலும் வாழ்ந்த கெல்ட் மக்கள் இதைப் பார்த்து அடித்த காசுகளை ‘மட்டமான நகல்’ என்று தள்ளுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தலைமுறை செல்லச் செல்ல அப்பல்லோவின் சுருள்முடி அழகிய கோலமாக விரிகிறது. தேர் கரைந்து, பாயும் ஒற்றைக் குதிரை மட்டும் நிற்கிறது. அதை அடித்தவர்கள் தங்கள் கண்ணுக்குப் பிடித்ததைத் தங்கத்தில் வரைந்தவர்கள்.