விசிட்டிங் கார்டில் பெயர் போடலாமா, வேண்டாமா? அச்சுக்குக் கொடுக்கும் முன் முடிவு செய்யும் வழி

எங்கள் மரவேலைப் பட்டறைக்கு முதன்முதலில் அடித்த விசிட்டிங் கார்டு ஆயிரமும் பெயரில்லாதவை. நிறுவனப் பெயர், முகவரி, தொலைபேசி எண் மட்டும்தான் இருந்தன. மூன்று பேர் வேலை பார்க்கிறோம், ஒரே கார்டை எல்லோரும் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு நாள் புத்தக அலமாரிக்கு அளவெடுக்கப் போன வீட்டில், அந்த அம்மா கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் பெயர் எங்கே?" என்று கேட்டார். சொன்னேன். ஜெல் பேனாவை எடுத்து கார்டின் மூலையில் எழுதினார். மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம்) போட்ட கார்டு. மை காயவே இல்லை. பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் அவருடைய கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு போயின.

அதற்குப் பிறகு இரண்டு முறை கார்டை மாற்றி அடித்தோம். இரண்டாவது முறையும் தவறாகப் போனது. மூன்றாவதுதான் சரியாக அமைந்தது. அந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். லோகோ, நிறம், எழுத்துரு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. பெயர் போடுவதா இல்லையா என்பது தீர்ந்த பிறகு செய்ய வேண்டிய வேலைகள் அவை.

படி 1: கடைசியாகக் கொடுத்த பத்து கார்டுகளை நினைவுகூருங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: யார் கொடுத்தது, யாரிடம், எதற்காக. இதுவரை கார்டே இல்லை என்றால், யாரிடமாவது தொலைபேசி எண்ணைச் சொன்ன கடைசிப் பத்து தருணங்களை எழுதுங்கள்.

எங்கள் பட்டியலில் ஏழு கார்டுகள் நேரில் பேசி முடித்து, விடைபெறும்போது கைமாறியவை. மூன்று, செய்து முடித்த மேஜையோடு உறையில் வைத்து அனுப்பியவை. இந்த ஏழும் மூன்றும் வெவ்வேறு வேலை செய்கின்றன என்பது எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நேரில் கொடுத்த கார்டு ஒரு முகத்தை நினைவூட்ட வேண்டும். உறையில் போன கார்டு ஓர் இடத்தை நினைவூட்டினால் போதும்.

படி 2: ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி

"இவர் நாளைக்குப் போன் செய்தால், யாரைக் கேட்க வேண்டும்?"

பதில் ஓர் ஆளின் பெயராக இருந்தால் கார்டில் பெயர் வேண்டும். அளவெடுப்பவர், ஆலோசனை சொல்பவர், விற்பனைக்காக நேரில் போகிறவர், பயிற்சி தருபவர் எல்லோரும் இந்த வகை. "யார் எடுத்தாலும் சரி" என்றால் பெயர் வேண்டாம். கடை மேஜையில் அடுக்கி வைக்கும் கார்டு, பார்சலோடு போகும் கார்டு, முறை மாற்றி ஆட்கள் நிற்கும் இடத்துக்கான கார்டு ஆகியவை இதில் சேரும்.

தனியாகத் தொழில் செய்பவர் தயங்காமல் பெயரைப் போடலாம். உங்களை நம்பித்தான் வேலை வருகிறது. பெயரை மறைத்துப் பெரிய நிறுவனம்போலத் தோற்றம் காட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். போன் செய்பவருக்கு முதல் நிமிடத்திலேயே உண்மை தெரிந்துவிடும்.

படி 3: பெயரையும் எண்ணையும் பிரித்து யோசியுங்கள்

நான் விழுந்த பள்ளம் இதுதான். பெயரில்லாத கார்டில் பட்ட அனுபவத்துக்குப் பிறகு, மூன்று பேருக்கும் தனித்தனியாக ஐந்நூறு கார்டு அடித்தோம். பெயர், அதன் கீழே அவரவர் சொந்தச் செல்பேசி எண். அழகாகவே இருந்தன. எட்டு மாதத்தில் எங்களில் ஒருவர் வேறு வேலைக்குப் போனார். அவருடைய கார்டு முந்நூறுக்கு மேல் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வெளியே போய்விட்ட கிட்டத்தட்ட இருநூறு கார்டுகள்தான் பெரிய சிக்கல்.

கார்டு பணப்பையில், மேஜை இழுப்பறையில், குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியபடி வருடக்கணக்கில் இருக்கும். கொடுத்தவர் வேலையை விட்டாலும் அது விடாது. அவர் நல்ல மனிதர். வந்த அழைப்புகளையெல்லாம் ஆறு மாதம் எங்களுக்குத் திருப்பிவிட்டார். பிறகு எண்ணை மாற்றிக்கொண்டார். அதன்பின் எத்தனை பேர் அந்த எண்ணை அழைத்து ஏமாந்தார்கள் என்று எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

ஆகவே விதியை இப்படி வைத்துக்கொண்டோம்: பெயர் ஆளுக்குச் சொந்தம், எண் தொழிலுக்குச் சொந்தம். கார்டில் அச்சாகும் எண் நிறுவனத்தின் பெயரில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஆள் மாறினாலும் அந்த சிம் பட்டறையை விட்டுப் போகக் கூடாது. மின்னஞ்சலும் சொந்த டொமைனில் (நிறுவனமே வாங்கி வைத்த இணையப் பெயரில்) இருக்கட்டும். பெயரில்லாத கார்டுக்கு இன்ஃபோ, சேல்ஸ் போன்ற பொது முகவரி சரி. எந்தப் பொது முகவரி எந்தப் பணிக்கு என்று 1997-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2142 என்ற இணைய வழிமுறை ஆவணமே வரையறுத்திருக்கிறது. பெயருள்ள கார்டுக்குப் பெயரில் தொடங்கும் முகவரி நல்லது. அவர் போன பிறகு அதற்கு வரும் கடிதங்களை இன்னொருவருக்குத் திருப்பிவிட்டால் போதும். இலவச மின்னஞ்சல் முகவரியைக் கார்டில் போட்டால் இந்தப் பிடி நம் கையில் இருக்காது.

படி 4: எந்தப் பெயர்?

நேரில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்களோ, அந்தப் பெயர். சான்றிதழில் உள்ள முழுப் பெயர் ஒன்றாகவும் புழங்கும் பெயர் வேறாகவும் இருந்தால், புழங்கும் பெயரையே பெரிதாகப் போடுங்கள். கார்டைப் பார்த்துப் போனில் பெயர் சொல்லிக் கேட்பவருக்கு, "அப்படி யாரும் இல்லையே" என்ற பதில் வரக் கூடாது. பதவியைப் பெயருக்குக் கீழே ஒரு வரியில் சொல்லுங்கள். "நிர்வாக இயக்குநர்" என்பதைவிட "அளவும் வடிவமைப்பும்" என்று செய்யும் வேலையைப் போட்டது எங்களுக்கு அதிகம் உதவியது.

படி 5: பொது அட்டையை முதலில் அடியுங்கள், பெயரைப் பிறகு

லோகோ, முகவரி, பொது எண் ஆகியவற்றை மட்டும் ஆஃப்செட்டில் (தகடு வைத்து அடிக்கும் அச்சில்) மொத்தமாக அடித்து, பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். ஆஃப்செட்டில் தகடு தயாரிப்பதற்குத்தான் முதல் செலவு. எண்ணிக்கை கூடக்கூட ஒரு கார்டின் விலை இறங்கும். பிறகு தேவைப்படும்போது ஐம்பது, நூறு என்று டிஜிட்டல் அச்சில் (தகடு தேவைப்படாத லேசர் அச்சில்) பெயரை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். பெயரே ஏற்றாத அட்டைதான் உறையில் வைக்கும் பொதுக் கார்டு. ஒரே அட்டை இரண்டு வேலைக்கும் ஆயிற்று.

அச்சகத்தில் மூன்று விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலாவது, இதன்மேல் பின்னால் லேசரில் பெயர் அடிக்கப் போகிறோம் என்பது. லேசர் இயந்திரத்தின் சூட்டைத் தாங்காத மை இருந்தால் இழுவிவிடும். இரண்டாவது, லேமினேஷன் வேண்டாம், பூச்சில்லாத காகிதம் வேண்டும் என்பது. அதில்தான் பேனாவும் எழுதும். மூன்றாவது, வெட்டாமல் முழுத் தாளாகவே வைத்திருக்க முடியுமா என்று கேட்பது. தனித்தனிக் கார்டாக இயந்திரத்தில் செலுத்துவது பெரும்பாடு. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) அட்டையை அலுவலகப் பிரிண்டரில் முயன்று பார்க்காதீர்கள். பெரும்பாலானவை அந்தத் தடிமனுக்கு ஆனவை அல்ல.

கோப்பு தயாரிக்க நான் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இலவசம், அச்சுக்கான நான்கு நிறப் பிடிஎஃப் சரியாக வரும். வேர்டில் கார்டு வடிவமைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பெயரைத் தமிழில் போடுவதாக இருந்தால் ஸ்கிரைபஸின் 1.6 வரிசைப் பதிப்பையே நிறுவுங்கள். பழைய 1.4-இல் கொம்பும் காலும் இடம் மாறி, "கோ" உடைந்துபோகும். பெயரைத் தனிக் கறுப்பில் மட்டும் வையுங்கள். நான்கு நிறமும் கலந்த கறுப்பில் ஒரு நிறம் இம்மி விலகினாலும் சின்ன எழுத்துக்கு நிழல் விழும். வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நிறம் நீளட்டும். பெயர் கோட்டிலிருந்து குறைந்தது 4 மி.மீ. உள்ளே இருக்கட்டும்.

படி 6: ஒரு நாள் சோதனை

சாதாரணத் தாளில் அச்சிட்டு வெட்டி, தொழிலோடு தொடர்பில்லாத ஐந்து பேரிடம் கொடுங்கள். மறுநாள் கேளுங்கள்: "கார்டைப் பார்த்து என் எண்ணைச் சேமித்துக் காட்டுங்கள்." அவர்கள் செல்பேசியில் எந்தப் பெயரைத் தட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். எங்கள் சோதனையில் நான்கு பேர் ஆளின் பெயரை அடித்து, பக்கத்தில் "அலமாரி" என்று சேர்த்துக்கொண்டார்கள். நிறுவனப் பெயரை ஒருவரும் தட்டவில்லை. கார்டில் அதுதான் இரண்டு மடங்கு பெரியதாக இருந்தது. அன்றே பெயரின் எழுத்தளவை 11 புள்ளிக்கு (பாயின்ட்) ஏற்றி, நிறுவனப் பெயரைச் சற்று இறக்கினேன்.

பிற்சேர்க்கை 1

வீடுகளுக்குப் போய்ப் பழுதுபார்க்கும் ஒரு வாசகி கேட்டார்: "முழுப் பெயரையும் முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?" இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்தத் தயக்கம் முற்றிலும் நியாயமானது. முதற்பெயர் மட்டும் போதும். அதோடு நிறுவன எண், வேலையைச் சொல்லும் ஒரு வரி. முழுப் பெயரை வைத்துச் சமூக ஊடகத்தில் ஆளைத் தேடிப்பிடிப்பது எளிது. முதலாளி யாராக இருந்தாலும், பணியாளரைக் கேட்காமல் அவர் பெயரை அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் பொதுக் கார்டைக் கொடுங்கள்.

பிற்சேர்க்கை 2

"பெயரை அச்சிடாமல் க்யூஆர் கோடில் வைத்துவிட்டால்?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். முயன்று பார்த்தேன். பெயர், எண், முகவரியை விகார்டாக (செல்பேசி நேரடியாகச் சேமிக்கும் தொடர்பு வடிவம்) அப்படியே க்யூஆர் கோடுக்குள் வைத்தால் சுமார் 200 எழுத்து ஆகிறது. பிழை திருத்தம் (கோடு சற்றுச் சேதமானாலும் படிக்க உதவும் வசதி) மிகக் குறைந்த நிலையில் இருந்தாலும் 53-க்கு 53 கட்டம் தேவை. சுற்றிலும் நான்கு கட்ட வெற்றிடம் விட்டு 20 மி.மீ. சதுரத்தில் அடக்கினால், ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். பூச்சில்லாத காகிதத்தில் மை சற்றுப் பரவும் என்பதால் பழைய செல்பேசிகள் தடுமாறின. பெயரைத் தமிழில் வைத்தால் இன்னும் பெருகும். எழுத்து, கொம்பு, புள்ளி என ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் பிடிக்கும்.

அதற்குப் பதிலாகச் சொந்த டொமைனில் ஒரு குட்டிப் பக்கத்தின் முகவரியை மட்டும் வைத்தால் 25-க்கு 25 கட்டத்தில் முடிந்துவிடுகிறது. அச்சான பிறகும் அந்தப் பக்கத்தில் ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் பெயருக்கு மாற்றாக இதை நான் வைக்க மாட்டேன். கார்டைக் கையில் வாங்கியவர் முதலில் கண்ணால்தான் பெயரைத் தேடுகிறார். எங்கள் இப்போதைய கார்டில் க்யூஆர் கோடு பின்பக்கம் இருக்கிறது. அதன் கீழே "பேசியவர்:" என்று, எழுதுவதற்கு ஒரு வரிக்கோடு, நாற்பது மி.மீ. நீளத்துக்குக் காலியாக. பொதுக் கார்டைக் கொடுக்கும்போது அதில் பேனாவால் பெயரை எழுதித் தருகிறோம். மை உடனே காய்ந்துவிடுகிறது.